துவக்குக்குக் கீழே ஒரு புனிதை

அத்தியாயம் 3

பொலிஸ் நிலையத்து மேசையில் ஆறு துவக்குகள் கிடந்தன. ஐந்து மரம், ஒன்று இரும்பு. அந்த ஒன்றுக்காக ஓர் அப்பாவி மனுசரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள்.

விமலராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்துவக்கு ஐந்தும் சூசைதாசன் தன் கையால் செதுக்கியவை. பலேர்மோவில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர் பெரிய வெள்ளிக்கு மேடையேற்றும் திருப்பாடுகளின் நாடகத்துக்காகச் செய்தவை. 1997ஆம் ஆண்டு நாடகத்தில் பிலாத்துவின் சேவகர் ஈட்டியோடு வரப்போவதில்லை. சப்பாத்தும் பச்சைச் சட்டையுமாகத் துவக்கோடு வந்து மாதாவை மறித்து அடையாள அட்டை கேட்பார்கள் என்று எல்லாரும் கூடித் தீர்மானித்திருந்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இராணுவக் காவலரண்களில் சென்றி சென்றியாக இறங்கி நடந்த சனம். ஈட்டியைக் கண்டு அதில் யார் அழப்போகிறார்கள்?

முந்தநாள் அல்பெர்கேரியாவில், பங்கு மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. பெட்டியைத் திறந்து துவக்குகளை எடுத்துக் கொடுத்தவருக்கு ஒன்று மட்டும் கை தாழக் கனத்தது. சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்த்தால் அது மரமே இல்லை. சுவாமி உடனே பொலிசுக்கு ரெலிபோன் எடுத்தார். பெட்டி யாருடையது என்று பொலிஸ் கேட்டது. சூசைதாசனுடையது என்று எல்லாரும் உண்மையைச் சொன்னார்கள். உண்மை சொன்னால் வரும் வினை அதுதான்.

"இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர் லோ பிரெஸ்தி. கெட்ட மனுசர் இல்லை, களைத்த மனுசர். "இரும்பைப் பார்த்து மரத்தைச் செதுக்கியிருக்கிறார். அதே வளைந்த மகசீன், அதே குழல். கலாஷ்னிகோவ் கலாஷ்னிகோவ்தான். இன்று பின்னேரம் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கிறார். அவருடைய வக்கீலே ஏற்பாடு செய்துவிட்டார். குப்பை மேட்டில் கண்டெடுத்தேன், பயத்தில் ஒளித்தேன் என்று சொன்னால் சிறை குறையும். பிறகு நாடு கடத்தல்."

"நாடு கடத்திறது சின்னத் தண்டனையோ?" என்று தமிழில் முணுமுணுத்தாள் விமலராணி. "கொழும்பிலை இறங்கின உடனை, துவக்கோடை பிடிபட்ட தமிழன் எண்டு ஆரத்தி எடுப்பினம்."

கொன்ஸ்ரன்ரைன் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பில் எரிந்த கடைகளின் சாம்பலை இன்சூரன்ஸ் கொம்பனிக்காகக் கிளறி, முதலாளிதான் கொளுத்தினானா என்று கண்டுபிடித்தவர். இங்கே வியா மக்வேதா தெருவில் ஒரு ரெலிபோன் கடையின் பின்பக்கம் மேசை போட்டு, தமிழ்ச் சனத்தின் சிக்கல்களை அவிழ்க்கிறார். பொலிசுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விமலராணி காலையில் அலுவலகங்கள் துடைப்பாள், பிறகு அவருக்கு உதவியாள். சம்பளம் இல்லை. வாய்க்குப் பூட்டும் இல்லை.

"ராணி, இஞ்சை வாரும். ரெண்டும் ஒண்டோ?"

"முதல் வந்த வருசம் எனக்கு இத்தாலியன் எல்லாரும் ஒரே முகமாத்தான் தெரிஞ்சவை, அண்ணை."

"அதுதான் இவருக்கும் நடக்குது. வடிவாப் பாரும்."

அவள் பார்த்தாள். மரத்துவக்கில் தோளில் வைக்கும் கட்டை முழுக்கட்டை. அதன் இரு பக்கமும் நீளவாக்கில் விரல் அளவு குழிவாக ஒரு தவாளிப்பு. இரும்புத் துவக்கில் கட்டையே இல்லை. அந்த இடத்தில் முக்கோணமாக ஓர் இரும்புச் சட்டம், இடப்பக்கம் மடங்கி உடலோடு ஒட்டிக் கிடந்தது.

"உது வேறை மாதிரியெல்லோ."

"இன்னொண்டும் பாரும். குண்டு ஏத்த இழுக்கிற பிடி."

இரும்பில் அந்தப் பிடி வலப்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மரத்துவக்கிலோ வலமும் இடமும் பக்கத்துக்கொன்றாக இரண்டு பிடி. ஐந்திலும் அப்படியே.

"ரெண்டு பிடியோ? துவக்கோ, கறிச்சட்டியோ?"

கொன்ஸ்ரன்ரைன் சிரித்தார். அன்று முதல் தரம் சிரித்தார். ஒரு மரத்துவக்கைப் பின்னேரம் வரைக்கும் இரவல் தரமுடியுமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

"மரத்துக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை" என்றார் லோ பிரெஸ்தி. "கையெழுத்து வைப்பதற்கு முன் கொண்டுவந்து தாருங்கள்."

விமலராணி அதைப் பழைய பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பல்லாரோ சந்தைக்குள்ளால் நடந்தாள். வழக்கமாக அவளை இடித்துக்கொண்டு போகிற சனம் இன்று பாதை விட்டது. "நெடுகலும் இப்பிடித்தான் சந்தைக்கு வரவேணும்" என்றாள். றெயில் ஸ்ரேசன் கடையில் கொன்ஸ்ரன்ரைன் ஆயுதப் பத்திரிகை ஒன்று வாங்கினார். வேட்டைக்காரரும் வேலையில்லாதவர்களும் வாசிக்கிற வகை. இரண்டு பேரும் பகேரியா றெயினில் ஏறினார்கள்.

"ஏன் பகேரியா எண்டு கேக்கேல்லையே நீர்?"

"சூசைதாசண்ணையும் அவற்றை மனுசி புனிதமலர் அக்காவும் அங்கைதானே வேலை. அந்தக் கிழவி சிஞ்ஞோராவின்ரை வில்லாவிலை."

"அது பாதி. மிச்சப் பாதி இதிலை கிடக்கு." அவர் பத்திரிகையை விரித்தார். பக்கம் நிறையத் துவக்குப் படங்கள், ஒரு குடும்பத்தைப் படம் பிடித்ததுபோல வரிசையாக நின்றன. "எழுபத்துநாலாம் ஆண்டு ருசியன் மொடல். இவர் மூத்தவர். முழுக்கட்டை, ரெண்டு பக்கமும் தவாளிப்பு. ஏன் அந்தத் தவாளிப்பு?"

"வடிவுக்கு."

"இல்லை. இதுக்கு முந்தின துவக்குக்குக் குண்டு பெரிசு, இதுக்குச் சின்னன். இருட்டிலை மாறிப்போகக் கூடாது. தடவின உடனை இது சின்னக் குண்டுத் துவக்கு எண்டு கைக்குத் தெரியவேணும். பாரமும் கொஞ்சம் குறையும்."

"கெட்டிக்காரர். அடுத்தவர்?"

"பரசூட்டிலை குதிக்கிறவைக்கு. இரும்புச் சட்டம், இடப்பக்கம் மடியும். பொலிஸ் மேசையிலை கிடக்கிறவர் இவர்தான். மூண்டாவது கட்டையர், ராங்கிக்குள்ளை இருக்கிறவைக்கு. நாலாவது, சோவியத் உடையிற நேரம் வந்தது. கறுப்புப் பிளாஸ்ரிக், முழுக்கட்டை, ஆனால் மடியும். தனித்தனியா வேண்டாம், எல்லாருக்கும் இது ஒண்டு போதும் எண்டிட்டினம்."

"எங்கடை கதைதான். ஊரிலை கறிக்கு ஒரு சட்டி, சோத்துக்கு ஒரு சட்டி. அல்பெர்கேரியாவிலை ஒரு அறைக்குள்ளை வந்த பிறகு எல்லாத்துக்கும் ஒரே சட்டி."

"இப்ப புதுசா இன்னொண்டும் வருதாம். ஒரு அமத்துக்கு ரெண்டு குண்டு, ஆனால் ஒரு சத்தம்தான் கேக்குமாம்."

"ஒரு குண்டுக்குச் சாகாத ஆக்களுக்கோ?"

கொன்ஸ்ரன்ரைன் பத்திரிகையை மூடினார். "பகிடியை விடும். சூசைதாசன் செதுக்கினது மூத்தவரை. பிடிபட்டது ரெண்டாவது. அப்ப இரும்பைப் பாத்து மரம் செதுக்கினவர் எண்ட கதை பிழை. வேறை எதைப் பாத்துச் செதுக்கினவர்?"

"உதிலை கிடக்கிற மாதிரிப் படத்தை."

"படத்திலை தவாளிப்பு வெறும் கோடாத்தான் தெரியும். அவர் விரல் வைக்கிற ஆழத்துக்கு எடுத்திருக்கிறார். பிடி எவ்வளவு வெளியிலை நீட்டுது எண்டதும் சரியா இருக்கு. உண்மையான சாமானைத்தான் கண்டிருக்கிறார். ஆனால் ரெண்டு பக்கமும் பிடி வைச்சிருக்கிறார். ஏன்?"

விமலராணி யோசித்தாள். சூசைதாசன் பேசாலை ஆள். அங்கே கூத்துக்கு முடி கட்டியவர். ராசாவின் முடிக்கு மட்டையை இரண்டாக மடித்து ஒரு பாதியைத்தான் வெட்டுவார். விரித்தால் மற்றப் பாதி தானாக வந்துவிடும். போன நத்தாருக்கு மூன்று ராசாக்களின் முடியை அவர் அப்படி வெட்டியதை அவளே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

"மற்றப் பக்கத்தை அவர் காணேல்லை" என்றாள் மெதுவாக. "ஒரு பக்கத்தைக் கண்டிட்டு, மற்றதும் இப்பிடித்தான் எண்டு மடிச்சு வெட்டியிருக்கிறார்."

"சரி. நேரிலை காணலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான் காணலாம். அப்பிடித் துவக்கு எங்கை இருக்கும்?"

"சுவரிலை. கொழுவியிருந்தால்."

"அவர் தினமும் தூசு தட்டுற சுவர் எந்தச் சுவர்?"

றெயின் பகேரியாவில் நின்றது. விமலராணி இறங்கி ஓடத் தொடங்கினாள்.

வில்லாவின் சமையலறைக் கதவைத் திறந்த புனிதமலரின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. "ஒருத்தரையும் உள்ளை விடவேண்டாம் எண்டு அப்புக்காத்து சொல்லிப்போட்டுப் போனவர்" என்றாள். அப்புக்காத்து என்று அவள் சொன்னது வக்கீல் ஸ்காலிசியை. சிஞ்ஞோராவின் பெறாமகன், உடன்பிறப்பின் பிள்ளை, இந்த வீட்டிலேயே இருப்பவர். சூசைதாசனுக்காகக் காசு வாங்காமல் வாதாட வந்த புண்ணியவான். "இவரை வாய் திறக்க வேண்டாமாம். திறந்தால் என்ரை வேலையும் போம், இந்த நாட்டிலை இருக்கிறதுக்குத் தந்த பெர்மேசோவும் போமாம். ரெண்டு பேற்றையும் இந்த வீட்டு வேலையிலைதானே தொங்குது."

"பெரிய மனசுதான்" என்றாள் விமலராணி. "அக்கா, சுவரிலை துவக்குக் கொழுவியிருக்கிற அறை எது?"

புனிதமலர் திடுக்கிட்டாள். பிறகு வக்கீலின் வாசிப்பறைக் கதவைக் காட்டினாள்.

உள்ளே, பச்சைப் பூக்காகிதம் ஒட்டிய சுவரில் ஒரு துவக்கு தொங்கியது. முழுக்கட்டை, தவாளிப்பு, வெளியே பார்த்த ஒற்றைப் பிடி. பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் அரசாங்கப் பத்திரம்: குழல் அடைக்கப்பட்டது, சுடாது, வைத்திருக்க அனுமதி உண்டு. கொன்ஸ்ரன்ரைன் மரத்துவக்கை அதன் பக்கத்தில் பிடித்தார். அச்சு அசல்.

விமலராணி துவக்கைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவு உயரத்தில், துவக்குக்கு நேர் கீழே, புனித ரோசாலியாவின் படம் தொங்கியது.

"அண்ணை, உதை எந்த விசரன் உங்கை கொழுவினவன்?"

"ஏன்?"

"நீங்கள் ஞாயிறுப் பூசைக்கு வராத ஆள், உங்களுக்குத் தெரியாது. புனிதரின்ரை படத்தை ஆராவது ஒரு சாமானுக்குக் கீழை வைப்பினமோ? அதுவும் துவக்குக்குக் கீழை? தமிழனும் வையான், சிசிலிக்காரனும் வையான். எதையோ மறைக்க அவதியிலை கொழுவினது இது."

"நாங்கள் வைக்கேல்லை" என்றாள் புனிதமலர். "இவரைப் பிடிச்ச அண்டைக்கு அப்புக்காத்து தானே ஆணி அடிச்சவர். முந்தி அதிலை இன்னொரு துவக்கு இருந்தது. அந்த மடிக்கிறது."

விமலராணி சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் படத்தைக் கழற்றினாள். பூக்காகிதத்தில் ஒரு முக்கோணம் பதிந்திருந்தது. இரும்பு உராய்ந்து உராய்ந்து, கறள் ஊறி, பச்சையில் கறுப்பாக.

கொன்ஸ்ரன்ரைன் மூச்சை இழுத்து விட்டார். "சட்டம் இடப்பக்கம் மடியும். வலப்பக்கத்தை வெளியிலை காட்டிக் கொழுவினால் முக்கோணம் சுவரிலை முட்டிக்கொண்டு கிடக்கும். வருசக்கணக்கா முட்டியிருக்கு. இதுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை, ஆனால் தன்ரை வீட்டுக்குள்ளை ஆர் வரப்போறான் எண்ட திமிர். இப்ப ஆயுதம் வைச்சிருக்கிற வீடு வீடாப் பொலிஸ் சோதிக்குது. வெளியிலை கொண்டுபோகவும் பயம்."

"ஐயோ" என்றாள் புனிதமலர். "பெட்டியைத் தன்ரை காரிலை கொண்டுபோய் மண்டபத்திலை இறக்கித் தாறன் எண்டு அவராத்தானே கேட்டவர். நல்ல மனம் எண்டு நான் செபமாலை சொன்னனான் அவருக்கு."

"மரத்தோடை மரமா ஒளிச்சுக் கொண்டுபோயிருக்கிறார்" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "ஆறுதலாப் போய் எடுக்கலாம் எண்டு நினைச்சிருப்பார். ஒத்திகை முந்திக்கொண்டுது. இப்ப சூசைதாசனுக்கு வக்கீலாய் நிண்டு, தன்ரை குற்றத்துக்கு அவரைக் கையெழுத்து வைக்கப் பண்ணுறார்."

விமலராணிக்கு ஒரு பகிடியும் வரவில்லை. கையெழுத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சுவரைத் தூக்கிக்கொண்டு பலேர்மோவுக்குப் போகமுடியுமா?

"அந்தப் படத்தை இங்கே தா."

வாசலில் சிஞ்ஞோரா மத்தில்தே ஊன்றுகோலோடு நின்றாள். எண்பது தாண்டியவள், நினைவு தப்பிவிட்டது என்று பகேரியா முழுக்கப் பேச்சு. படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"என் தாயின் படம். என் கட்டில் தலைமாட்டில் இருந்தது. காணவில்லை என்று கேட்டேன். அப்படி ஒரு படமே இருக்கவில்லை, உனக்கு மூளை குழம்பிவிட்டது என்றான் என் பெறாமகன். இரண்டு நாளாக நானும் அதை நம்பிக் கொண்டிருந்தேன்." சுவரில் இருந்த முக்கோணத்தைப் பார்த்தாள். ஒருவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "புனிதா, அடுப்படியில் இருந்து கத்தியைக் கொண்டு வா. பிறகு ராக்சிக்கு ரெலிபோன் எடு."

அவர்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சூசைதாசனின் கையில் பேனை இருந்தது. பக்கத்தில் வக்கீல் ஸ்காலிசி, மணக்க மணக்க அத்தர் பூசிக்கொண்டு, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். சூசைதாசன் சவரம் செய்யாத முகத்தோடு அந்த விரலையே பார்த்தபடி இருந்தார்.

"மரத்துவக்கைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "கூடவே ஒரு கடதாசி." சுருட்டிய பூக்காகிதத்தை மேசையில் விரித்தார். இரும்புத் துவக்கைத் தூக்கி, இடப்பக்கம் கீழே இருக்க, அதன்மேல் வைக்கும்படி இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

லோ பிரெஸ்தி வைத்தார். முக்கோணம் முக்கோணத்தில் இருந்தது. இம்மி பிசகவில்லை.

"இது எங்கே இருந்த கடதாசி?"

"பகேரியாவில் ஒரு வீட்டுச் சுவரில்" என்றார் கொன்ஸ்ரன்ரைன். அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை.

வக்கீலின் முகம் வெளிறிச் சிவந்தது. "என் வீட்டுக்குள் புகுந்து சுவரை வெட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் இப்பவே பிடித்து உள்ளே போடுங்கள்."

"வெட்டியது நான்" என்றாள் சிஞ்ஞோரா வாசலில் இருந்து. புனிதமலரின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். "வீடும் உன்னுடையது இல்லை. என்னுடையது."

வக்கீல் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் வாயால் பிழைக்கிறவர், வேறு வழி உடனே கண்டுபிடித்தார். மேசையில் கையால் அடித்தார். "சரி. சுவரில் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த அறையைத் துடைக்கிறவன் யார்? இவன். திருடியவனும் இவன்தான்."

இப்படியும் ஒரு கதவு இருக்கிறது என்று விமலராணி நினைக்கவேயில்லை. கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தாள். அவர் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லோ பிரெஸ்தி புதிய படிவம் ஒன்றை எடுத்தார். "திருட்டு என்றால் முறைப்பாடு எழுதவேண்டும், வக்கீல் ஐயா. திருட்டுப் போன பொருள்: இராணுவத் துவக்கு ஒன்று, சுடக்கூடியது, அனுமதி இல்லாதது. பொருளின் உரிமையாளர்?" பேனையைத் தூக்கிப் பிடித்தார். "உங்கள் பெயரை எழுதட்டுமா?"

வக்கீல் வாயைத் திறந்தார். மூடினார். திருட்டு என்று சொன்னால் துவக்கு அவருடையது. அவருடையது இல்லை என்றால் திருட்டே இல்லை.

"அண்ணை, மீன் கரையிலை விழுந்தால் இப்பிடித்தான் வாயைத் திறந்து திறந்து மூடும்" என்றாள் விமலராணி. அதை ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

வக்கீல் கடைசியாகச் சூசைதாசன் பக்கம் திரும்பினார். குரலை இறக்கிச் சொன்னார்: "யோசித்துக்கொள். உன் பெர்மேசோ, உன் மனைவியின் பெர்மேசோ. வேலை ஒப்பந்தத்தை நாளைக்கே கிழித்துவிடுவேன்."

"அதில் இருப்பது என் கையெழுத்து" என்றாள் சிஞ்ஞோரா. "என் மூளை சரியாக இருக்கும்போது வைத்தது. இப்பவும் சரியாகத்தான் இருக்கிறது."

சூசைதாசன் பிடிபட்ட நேரம் தொடக்கம் வாய் திறக்காத மனுசர். இப்போது தலையைத் தூக்கி முதலில் மனைவியைப் பார்த்தார். புனிதமலர் அழவில்லை. நேராக நின்று, ஓம் என்று தலையை ஆட்டினாள்.

அவர் பேனையை மூடி வக்கீலின் பக்கம் தள்ளினார். வாக்குமூலத்தை எடுத்து நாலாக மடித்து அதையும் தள்ளினார். இன்ஸ்பெக்டர், வேறு வக்கீல் ஒருவர் வரும்வரை பொறுக்க விருப்பமா என்று கேட்டார். கொன்ஸ்ரன்ரைன் அதைத் தமிழில் சொல்ல வாயெடுக்க, சூசைதாசன் கையைக் காட்டி மறித்தார்.

"வேண்டாம், கொன்ஸ்ரன் அண்ணை. விளங்குது எனக்கு."

கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, பிழை பிழையான இத்தாலியனில், ஆனால் அந்தக் கட்டடத்துக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"இவர் சொல்லித் தந்ததுக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன். அந்தப் பெட்டியைக் காரில் ஏற்றமுன் என்னைத் தண்ணி எடுத்து வா என்று உள்ளே அனுப்பியவர் இவர். பயத்தில் பேசாமல் இருந்தேன். இனி நான் சொல்லுகிறேன், நீங்கள் எழுதுங்கள்."

லோ பிரெஸ்தி வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.